அம்மா எழுதிய அப்பாவின் நம்பர்

சென்ற வருடம் அம்மாவை முழங்கால் வலிக்காக ஒரு கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். பதிவுத் தாளை நான்தான் நிரப்பினேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் எழுதி முடித்தபின் 'பெக்கெர்ஜாஆன்' என்று ஒரு கட்டம். தொழில். கொஞ்சமும் யோசிக்காமல் 'சூரி ரூமா' என்று எழுதினேன்.

"என்னா எழுதுன?" என்று அம்மா கேட்டார்.

"வீட்டுல இருக்கறவங்கன்னு எழுதுனேன்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தேடினார்.

உள்ளே டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், நான் நிரப்பிய தாளையும் பார்த்தார். "குந்தி உட்கார்ந்து செய்யற வேலை ஏதாவது செஞ்சீங்களா? கனம் தூக்குனீங்களா?" என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னார்: "தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்குனேன். இருபத்தஞ்சு வருசம்."

டாக்டர் அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். நான் எழுதிய கட்டம் அப்படியே இருந்தது.

அன்று இரவு கோலாலம்பூருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எனக்குக் கூடைப்பந்து ஞாபகம் வந்தது. சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். சொல்கிறேன்.

நான் வானொலி அறிவிப்பாளர். விளையாட்டுச் செய்தியும் வாசிப்பேன். 2016-ல் மலேசியா டிராகன்ஸ் அணி ஆசியான் கூடைப்பந்து லீக்கின் இறுதிச் சுற்றில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியை மூன்றுக்கு இரண்டு என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்தப் பருவத்தில், கூடைப்பந்துப் பைத்தியமான சீனத் தோழி ஒருத்தி என்னை மாபா அரங்கத்திற்கு இழுத்துப் போனாள். நான் தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்து ஆடியவள். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் தோழி ஒரு தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். புள்ளிவிவரத் தாள். இடப்பக்கம் ஆட்டக்காரர்களின் நம்பரும் பெயரும். அவற்றுக்கு நேரே கட்டம் கட்டமாக எண்கள். எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை முறை எறிந்தார், எத்தனை விழுந்தது, தவறி வந்த பந்தை எத்தனை முறை பிடித்தார், எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார், எத்தனை ஃபவுல். கடைசியில் மொத்தப் புள்ளி.

நான் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்தேன். செய்தியில் எனக்குக் கிடைப்பது இருபது வினாடி. யார் வென்றது, எத்தனைக்கு எத்தனை, அதிகப் புள்ளி யார். அவ்வளவுதான் வாசிக்க முடியும்.

தோழி வேறொரு கட்டத்தில் விரலை வைத்தாள். "இதைப் பார். அசிஸ்ட்." சக ஆட்டக்காரர் கூடையில் போடும்படி பந்தைச் சரியான நேரத்தில் சரியான கைக்குக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரில் ஒன்று ஏறும். போட்டவருக்குப் புள்ளி, கொடுத்தவருக்கு அசிஸ்ட். டிராகன்ஸ் அணியில் அப்போது ஜேசன் பிரிக்மன் என்று ஒருவர் ஆடினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆயிரம் அசிஸ்டைத் தொட்ட நான்காவது ஆள் அவர். 2014-ல் கல்லூரி முடித்தபோது அவர் கணக்கு 1,009. "அவர் புள்ளியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்தக் கட்டத்தைப் பார்த்தால்தான் அவர் யார் என்று தெரியும்" என்றாள் தோழி.

அதன்பின் நான் பழைய ஆட்டங்களின் தாள்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கூடைப்பந்தில் எல்லாரும் சொல்லும் ஓர் எண் உண்டு: 100. 1962 மார்ச் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சிற்றூர். பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராகத் தனி ஒருவராக 100 புள்ளி எடுத்தார். 63 முறை எறிந்து 36 விழுந்தது. 32 ஃபிரீ த்ரோவில் 28 விழுந்தது. வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. என்பிஏ-வில் இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை.

அந்த ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவு கிடையாது. அதிகாரபூர்வக் கணக்குப்படி அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். மிஞ்சியது இரண்டே. ஒன்று, பில் கேம்பெல் என்ற அறிவிப்பாளரின் வானொலி வர்ணனையில் கடைசிப் பகுதி. கேட்டுக்கொண்டிருந்த ரசிகர்கள் டேப்பில் பிடித்து வைத்ததால் தப்பியது. இன்னொன்று, கணக்கு எழுதியவர் பதிந்த தாள். அணியின் ஆட்டக் கணக்கைப் பார்த்த ஹார்வி போலாக் ஒரு வெள்ளைத் தாளில் 100 என்று எழுதிக் கொடுக்க, சேம்பர்லின் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது.

வானொலிக்காரி என்பதால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். நம் குரல் ஒரு சாட்சி என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் தாளை முழுதாகப் படித்தபோது வேறொரு வரியில் கண் நின்றது. கை ராஜர்ஸ். அதே அணியில் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆட்டக்காரர். அவர் எடுத்தது 11 புள்ளி. அசிஸ்ட் 20. அன்று இரவு இருபது முறை அவர் கொடுத்த பந்து கூடையில் விழுந்திருக்கிறது. 100 என்று தாளைப் பிடித்த படம் இருக்கிறது. 20 என்று தாளைப் பிடித்த படம் இல்லை. ஆனாலும் அவருக்கு ஒரு கட்டமாவது இருந்தது.

இனி தோட்டத்துக் கதை.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தையை இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். அப்பாவுக்கு இன்னும் வாயில் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. குழி வெட்டியவர்கள் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

அப்பா குலை வெட்டுபவர். விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட்டவருக்கு நிரை. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் மட்டையை இறக்கி, குலையை வெட்டித் தள்ளுவார். ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றி ரோட்டோரம் கொண்டுவந்து அடுக்குவார். ஒவ்வொரு குலையின் காம்பிலும் வெட்டியவருடைய நம்பரை எழுத வேண்டும். மண்டோர் வந்து எண்ணுவார். கிராணி செக்ரோலில் ஏற்றுவார். அப்பா நம்பர் 27. ஆட்டக்காரரின் ஜெர்சி நம்பர் மாதிரி, தோட்டம் முழுக்க '27' என்றால் அப்பாதான். மண்டோர்கூடச் சில சமயம், "டே, இருவத்தேழு!" என்றுதான் கூப்பிடுவார்.

குலை விழும்போது பழுத்த பழங்கள் சிதறும். மரத்தடியில் ஏற்கனவே உதிர்ந்து கிடப்பவையும் இருக்கும். எண்ணெய் அதிகம் உள்ளவை அவைதான். விட்டுவிட்டால் தோட்டத்துக்கு நஷ்டம், வெட்டியவருக்கு ஏச்சு. அவற்றைப் பொறுக்குவது அம்மா. குந்தியபடியே மரத்துக்கு மரம் நகர்ந்து, முள்ளையும் சருகையும் விலக்கி, சாக்கில் சேர்த்து, சாக்கைத் தலையில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவருவார். வெட்டிய மட்டையை இழுத்து அடுக்குவதும் அவர்தான். அம்மா தனியாகப் பெரட்டுக்குப் போனதில்லை. அவர் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு ஒத்தாசை. அவ்வளவுதான். பொறுக்கிய சாக்கெல்லாம் 27-ன் கணக்கில் ஏறும். சம்பளச் சீட்டும் 27-க்கு ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் மட்டும் அப்படி இல்லை. வரிசை வீடுகளில் பாதி வீட்டுப் பெண்கள் அப்படித்தான் போனார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

கிளினிக்கிற்குப் போய் இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது, அப்பாவிடம் பழைய சம்பளச் சீட்டுகளைக் கேட்டேன். பிஸ்கட் டின்னில் ரப்பர் வளையம் போட்டு வருடவாரியாக வைத்திருக்கிறார். சேமநிதிக் கணக்கில் தப்பு வந்தால் காட்டுவதற்காகச் சேர்த்தது. அந்தத் தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பினேன். கட்டம் கட்டமாக எண்கள். வேலை நாள், குலை, உதிரிப் பழம், பிடித்தம், மிச்சம். மாபா அரங்கத்தில் தோழி கொடுத்த தாள் மாதிரியே இருந்தது.

கூடைப்பந்துத் தாளில் 'பிளஸ் மைனஸ்' என்று ஒரு கட்டம் வரும். ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி எடுத்தது, எத்தனை விட்டது என்ற வித்தியாசம். அவர் ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் உள்ளே வந்தால் அணி ஏறும், வெளியே உட்கார்ந்தால் இறங்கும். ஆட்டக்காரரின் பெயர் இல்லாத இடத்திலும் அவரைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது.

அதை மனத்தில் வைத்து என் தம்பி பிறந்த வருடத்துச் சீட்டுகளை எடுத்தேன். பிறந்த மாதம், அதற்கடுத்த மாதம். வேலை நாள் குறையவில்லை. குலைக் கணக்கு இறங்கியிருந்தது. உதிரிப் பழக் கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் எல்லாம் பழையபடி ஏறியிருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்த ரெண்டு மாசம் உங்கம்மா இல்ல."

"மூணாம் மாசமே வந்துட்டாங்களாப்பா?"

"வந்துட்டா. உன்னையும் தம்பியையும் ஆயாக் கொட்டாயில விட்டுட்டு."

"அம்மா பேரையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிராணி மறுத்துவிட்டார் என்று சொல்வார், மண்டோரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "கேக்கணும்னே தோணலம்மா" என்றார்.

எனக்கு அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கிளினிக்கில் எனக்கும் தோன்றவில்லையே. பட்டம் படித்தவள், மைக்கின் முன் உட்கார்ந்து சமத்துவம் பேசுகிறவள், பேனாவைப் பிடித்த கையில் இரண்டு வினாடிகூட நிற்காமல் எழுதினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவர் சீட்டுகளைக் குனிந்து பார்த்தார். நான் ஆர்வத்தில் ஹெர்ஷி ஆட்டத்தின் கதையைச் சொன்னேன். ஒருவர் 100 புள்ளி எடுத்தார், இன்னொருவர் 20 முறை பந்தைக் கொடுத்தார், உலகம் முதலாமவரை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறது, நீங்களும் அந்த ராஜர்ஸ் மாதிரிதான் அம்மா என்றேன். வானொலியில் சொன்னால் நேயர்கள் உருகிப்போவார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அம்மா கேட்டார்: "பந்து குடுத்தவனுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா. அவரும் சம்பளத்துக்கு ஆடுறவருதான்."

"அப்ப அவனும் நானும் ஒண்ணு இல்ல."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

அம்மா சொன்னது சரி. அசிஸ்ட் என்பது புகழ் கிடைக்காத வேலை. ஆனால் எழுதப்பட்ட வேலை. எழுதப்பட்டதால் சம்பளம் வந்தது, அடுத்த வருடம் ஒப்பந்தம் வந்தது. அம்மாவுக்குக் கிடைக்காதது புகழ் மட்டும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் அப்பாவுக்குச் சேமநிதிப் பணம் வந்தது. அதை வைத்துத்தான் தாமானில் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். அம்மா பெயரில் ஒரு காசு இல்லை. அப்பா மரத்தடியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது சொக்சோ இருந்தது. அம்மாவின் முட்டி அதே மரங்களுக்கு அடியில்தான் தேய்ந்தது. அதற்கு எந்தச் சீட்டும் இல்லை.

கட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கூடைப்பந்திலேயே சாட்சி இருக்கிறது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸல் 13 பருவங்களில் 11 முறை கோப்பை வென்றவர். எதிரணி எறியும் பந்தைப் பாதியில் தட்டிவிடும் பிளாக்கில் அவரைப் போல் ஆள் இல்லை என்று கூட ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் சொல்வார்கள். 1969-ல் அவர் ஓய்வு பெற்றார். என்பிஏ பிளாக்கை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததோ 1973-74 பருவத்தில். ஆகவே வரலாற்றுப் பட்டியலில் பிளாக் கட்டத்தில் ரஸலின் பெயரே கிடையாது. அவர் தடுக்காமல் இல்லை. எழுத இடம் இல்லை. ஆனால் புதுக் கட்டம் போட்ட பிறகு ஆட ஆரம்பித்தவர்களுக்கு எல்லாம் எண்ணப்படுகிறது. கட்டம் என்பது யாரோ ஒரு நாள் உட்கார்ந்து போடுவதுதான்.

நம் நாட்டிலும் ஒரு கட்டம் தாமதமாக வந்தது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையில் விபத்து நேர்ந்தாலோ செயலிழப்பு ஏற்பட்டாலோ உதவி உண்டு. ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. ரஸல் மாதிரி, கட்டம் வருமுன் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் என் சித்திக்கு வயது இருக்கிறது. அண்ணிக்கு இருக்கிறது. அண்ணிக்கு நான் பதிந்துவிட்டேன். சித்தி, "எனக்கெதுக்கு?" என்று இழுத்தடித்துக்கொண்டிருக்கிறார். சேமநிதியில் அம்மா பெயரில் ஒரு கணக்குத் திறந்து, நானும் தம்பியும் மாதாமாதம் கொஞ்சம் போடுகிறோம். இது அவர் உழைப்புக்கு ஈடாகாது என்று அம்மாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கைப்பேசியில் தன் பெயருக்கு நேரே ஓர் எண்ணைப் பார்த்த அன்று, "இது எம்பேர்லயா இருக்கு?" என்று இரண்டு முறை கேட்டார்.

அன்று சீட்டுகளை டின்னில் திரும்ப வைக்கும்போது அப்பா ஒன்று சொன்னார். குலைக்காம்பில் 27 என்று எழுதியது அவர் இல்லையாம்.

"எங்கையெல்லாம் எண்ணெயும் மண்ணுமா இருக்கும். நான் எங்க எழுத? உங்கம்மாதான் எழுதுவா. அவ ஏழு போட்டா அச்சடிச்ச மாதிரி இருக்கும். மண்டோரே சொல்வாரு."

இருபத்தைந்து வருடம். ஒரு நாளைக்கு எத்தனை குலை என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. தோட்டத்திலிருந்து லாரி ஏறி ஆலைக்குப் போன அத்தனை குலையிலும் அப்பாவின் நம்பர் இருந்தது, அம்மாவின் கையெழுத்தில்.

சென்ற மாதம் மறுபடியும் கிளினிக்கிற்குப் போனோம். தாளில் எல்லாவற்றையும் திருத்திப் புதிதாக நிரப்பச் சொன்னார்கள். தொழில் என்ற கட்டம் வந்ததும் நான் பேனாவை நிறுத்தினேன்.

"என்னாம்மா எழுதட்டும்?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். 'லாடாங்' என்று எழுதினார். தோட்டம். அதற்குமேல் அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டிலும் யாருடைய தாளையாவது நீங்கள் நிரப்ப வேண்டி வரலாம். அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.